பின்சக்கரம் சறுக்கியபோது

 

மதரஸாவில் பாடம் நடத்தும் ஒருவர் விளையாட்டுக் காரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். சென்ற ஆண்டு வரை நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஆனால், மழை பெய்த ஒரு மாலைப் பொழுதில், நம் லாத்தாவின் மகன் ஓட்டிய காரில் அமர்ந்து நாம் போட்ட ஒரு கூச்சல், இரண்டு உயிர்களைப் பறித்திருக்கும். அல்லாஹ் காப்பாற்றினான். அதன் பின்னர் நாம் கற்றுக்கொண்டவற்றை, வாகனம் ஓட்டும் பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருப்பது நல்லது எனக் கருதியே இதை எழுதுகிறோம்.

நாம் வசிப்பது கோலாலம்பூரில். மருமகனுக்கு 24 வயது. அவனுடைய வாப்பா மௌத்தாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அன்று முதல் அவனுடைய படிப்பு, வேலை, நடத்தை அனைத்திலும் வாப்பாவின் இடத்தில் நின்று கவனிக்கும் பொறுப்பை லாத்தா நம்மிடம் ஒப்படைத்திருந்தார். அவன் சம்பாதிக்கத் தொடங்கியதும் தன் சேமிப்பில் ஒரு பழைய டொயோட்டா 86 காரை வாங்கி வந்து நிறுத்தினான். இரண்டே கதவுகள், தரையோடு தரையாகத் தாழ்ந்த உருவம், ஆறு கியர். அதைக் கண்டபோது நமக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை. ஆயினும், வட்டிக் கடன் வாங்காமல் சொந்த உழைப்பில் வாங்கியவனிடம் என்ன சொல்வது?

அவனோ அந்தக் காரின் வரலாற்றையே ஒப்பித்தான். 2012-இல் வெளிவந்தது, சுபாருவும் டொயோட்டாவும் சேர்ந்து உருவாக்கியது, இரண்டு லிட்டர் இயந்திரம் முன்னால் இருக்க, அதன் விசை பின்சக்கரங்களுக்கு மட்டுமே செல்லும். 1980-களில் வந்த ஏஇ86 என்னும் பழைய டொயோட்டாவின் நினைவாகவே இந்தப் பெயராம். அந்தப் பழைய காரை ஜப்பானின் மலைப்பாதைகளில் வேண்டுமென்றே சறுக்கவிட்டு ஓட்டிப் புகழ்பெற்றவர் கெய்ச்சி சுச்சியா; அவருக்கும் முன்னதாக 1970-களில் பந்தயத் திடல்களில் அந்த முறையைக் கையாண்டவர் குனிமிட்சு தக்காஹாஷி. இவற்றையெல்லாம் அவன் சொல்லச் சொல்ல, நாம் அரைக் காதுடன் கேட்டுக்கொண்டிருந்தோம். சறுக்குவது எதற்காக, சறுக்கினால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்த நாள் சனிக்கிழமை. சிரம்பானில் உறவினர் வீட்டு நிக்காஹ் விருந்துக்குச் சென்றுவிட்டு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தோம். நெடுஞ்சாலையிலிருந்து நம் குடியிருப்புக்கு இறங்கும் பாதை இடப்புறமாகச் சுழன்று செல்லும். போகப் போக வளைவு இறுகும். மழை தொடங்கிச் சில நிமிடங்களே ஆகியிருந்தன. பல நாள் வெயிலில் சாலைமீது படிந்த எண்ணெயும் தூசியும் ரப்பர்த் துகளும் முதல் மழைநீருடன் கலக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் சாலை மிகவும் வழுக்கும் என்பதை அப்போது நாம் அறிந்திருக்கவில்லை.

வளைவின் நடுவில் அவன் ஆக்சிலரேட்டரைச் சிறிது அழுத்தினான். அடுத்த கணம், நமக்குக் கீழே இருந்த இருக்கை வலப்புறமாக நழுவுவது போன்ற ஓர் உணர்வு. காரின் பின்பகுதி வெளிப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அவனுடைய கைகள் ஸ்டியரிங்கை வலப்புறம் திருப்பின. வளைவு இடப்புறம் இருக்க இவன் வலப்புறம் திருப்புகிறானே என்று பதறி, நாம் நம்மை மறந்து அலறினோம்:

“பிரேக்! பிரேக் போடு!”

அவன் மிதித்தான். கார் தலையசைத்தது போல் எதிர்ப்புறமாக வெட்டி, பாதையின் குறுக்கே சுழன்றது. கண்ணாடிக்கு வெளியே இரும்புத் தடுப்பும் புல்வெளியும் வானமும் மாறி மாறி ஓடின. இறுதியில், நாம் வந்த திசையையே நோக்கியபடி புல்லில் போய் நின்றது. இரும்புத் தடுப்புக்கும் கதவுக்கும் இடையே இரண்டடி கூட இல்லை. மூச்சு விடுவதற்குள் ஒரு லாரி ஹாரனை அழுத்தியபடியே எங்களைக் கடந்து இறங்கியது. சில விநாடிகள் முன்னதாக அது வந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

நெடுநேரம் இருவரும் பேசவில்லை. பின்னர் அவன் மெல்லச் சொன்னான்: “மாமா, நான் பிடித்திருப்பேன். நீங்கள் கத்தியதும் கால் தானாக மிதித்துவிட்டது.”

தவறு செய்துவிட்டுப் பெரியவர்மீது பழி போடுகிறானே என்று நமக்குக் கோபம்தான் வந்தது. அன்றிரவு லாத்தா அழுதுகொண்டே, “அந்தக் காரை நாளைக்கே விற்றுவிடச் சொல், தம்பி” என்றபோது, நாமும் ஆமோதித்தோம். அவன் மறுக்கவில்லை. “விற்றுவிடுகிறேன், உம்மா. ஆனால் அடுத்து வாங்கும் கார் மழையில் வழுக்காது என்று யார் சொன்னது? முதலில் கற்றுக்கொள்கிறேன். பிறகு மாமா என்ன சொல்கிறாரோ அப்படியே செய்கிறேன்” என்றான். அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. சிலாங்கூரில் உள்ள ஒரு பயிற்சித் திடலில் ஒரு நாள் வகுப்புக்குப் பெயர் கொடுத்தோம். அவனைக் கண்காணிக்கவே நாம் உடன் சென்றோம்; கற்றுக்கொள்ளும் எண்ணம் நமக்கு இல்லை.

பயிற்றுநர் ஒரு மலாய்க்காரர். நம் தொப்பியையும் தாடியையும் பார்த்து “உஸ்தாஸ்” என்று மரியாதையுடன் அழைத்தவர், நம்மையும் மாணவர் வரிசையில் அமர்த்திவிட்டார். காரைத் தொடுமுன் அவர் டயரைத் தொடச் சொன்னார். ஒரு டயர் சாலையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். நான்கு உள்ளங்கைகளின் பிடியில்தான் 1,200 கிலோவுக்கும் மேற்பட்ட இரும்பு ஓடுகிறது. அந்தப் பிடிமானத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதை நாம் மாதச் சம்பளத்தைப் போலப் புரிந்துகொண்டோம். திரும்புவதற்கு ஒரு பங்கு செலவாகிறது. வேகம் கூட்டுவதற்கோ குறைப்பதற்கோ ஒரு பங்கு செலவாகிறது. வளைவில் திரும்புவதற்கே பெரும்பகுதி செலவான பின், ஆக்சிலரேட்டருக்கும் பெரிய தொகை கேட்டால் கையிருப்பு தீர்ந்துவிடும். அப்போது டயர் சறுக்கும். மழையில் அந்தச் சம்பளமே குறைந்துவிடுகிறது.

நம்மில் பலர் ஓட்டும் மைவி, சாகா போன்ற குடும்பக் கார்களில் முன்சக்கரங்களே திருப்பவும் செய்கின்றன, இழுக்கவும் செய்கின்றன. எல்லை மீறினால் முன்சக்கரங்கள் சறுக்கி, கார் நாம் திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் நேராகப் போகும். இதை அண்டர்ஸ்டியர் என்பர். பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பின்சக்கர இயக்கக் காரில் தள்ளுவது பின்சக்கரங்கள். அவை சறுக்கினால் பின்பகுதி வெளியே வீசப்பட்டு, கார் நாம் கேட்டதைவிட அதிகமாகத் திரும்பிவிடும். இதுதான் ஓவர்ஸ்டியர். இங்கே பயத்தில் நாம் இயல்பாகச் செய்வது எதுவோ அதுவே ஆபத்து. சட்டென்று காலை எடுத்தாலோ பிரேக்கை மிதித்தாலோ, காரின் எடை முன்பக்கம் சாய்கிறது. பின்சக்கரங்கள் மேலும் இலேசாகின்றன. எஞ்சியிருந்த பிடியும் போய்விடுகிறது.

அப்படியானால் என்ன செய்வது? பயிற்றுநர் மூன்று படிகள் சொன்னார்: திருத்து, பொறு, மீள்.

திருத்துதல் என்பது, பின்பகுதி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்புதல். பின்பகுதி வலப்புறம் போனால் ஸ்டியரிங்கும் வலப்புறம். அப்போதுதான் முன்சக்கரங்கள் கார் உண்மையில் போய்க்கொண்டிருக்கும் திசையை நோக்கும். கால் ஆக்சிலரேட்டரிலிருந்து பிடுங்கப்படாமல் மெல்லத் தளர வேண்டும். பொறுத்தல் என்பது, திருத்திய பின் கார் பதில் சொல்வதற்கு அரை விநாடி அவகாசம் கொடுத்தல். மீளுதல் என்பது, பின்பகுதி திரும்பி வரத் தொடங்கிய உடனே ஸ்டியரிங்கையும் நேராக்குதல். இந்த மூன்றாவது படியில்தான் பலர் உயிரை விடுகிறார்கள் என்றார். முதல் சறுக்கலைத் திருத்திய கைகள் அதே இடத்தில் உறைந்துவிட்டால், பின்சக்கரங்களுக்குப் பிடி கிடைக்கும் கணத்தில் கார் எதிர்ப்புறமாகச் சாட்டை போல் வீசப்படும். அந்த இரண்டாவது வீச்சு முதலாவதைவிடக் கொடியது.

அதைக் கேட்டதும் நமக்கு உடல் சிலிர்த்தது. அன்று கார் எதிர்ப்புறம் வெட்டியது இப்படித்தான். அவன் கைகள் வலப்புறம் திருப்பியது தவறன்று, அதுதான் சரி.

பிற்பகலில் ஈரத் திடலுக்குச் சென்றோம். வழவழப்பான தரையில் இடைவிடாமல் நீர் தெளிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. நடுவில் கூம்புகளால் ஒரு வட்டம். மணிக்கு 30 முதல் 35 கிலோமீட்டர் வேகம் போதும். சறுக்கலின் இலக்கணம் முழுவதையும் ஆபத்தின்றிக் கற்றுவிடலாம். முதலில் இருக்கையைச் சரிசெய்தோம்: முதுகு சாய்ந்திருக்க, மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியைத் தொட வேண்டும், கைகள் கடிகாரத்தின் ஒன்பதிலும் மூன்றிலும் இருக்க வேண்டும்.

பயிற்றுநர் வற்புறுத்தியதால் நாமும் ஓட்டினோம். 46 வயதில், நான்கு முறை தொடர்ந்து பம்பரமாய்ச் சுழன்றோம். ஒவ்வொரு முறையும் கார் நின்றபோது, நாம் எந்தக் கூம்புக்கு அஞ்சினோமோ அதன் அருகிலேயே நின்றிருந்தோம். “உஸ்தாஸ், கூம்பைப் பார்க்காதீர்கள். போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். கண் போகும் இடத்துக்குக் கை போகும்” என்றார் அவர். ஐந்தாவது முறை, கழுத்தைத் திருப்பி வட்டத்தின் தொலைவான பகுதியைப் பார்த்தோம். பின்பகுதி நழுவியது, கைகள் தாமாகவே அந்தப் பக்கம் போயின, ஒரு கணம் பொறுத்தோம், கார் நேரானது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்த போதெல்லாம் தோற்றவர்கள், அது தன் போக்கில் திரும்பிவர விரல்களிடையே இடம் விட்டபோதுதான் வென்றோம். சக்கரங்கள் பொருத்தப்பட்டிருக்கும் சாய்வின் காரணமாக, ஸ்டியரிங் கார் ஓடும் திசையைத் தானே தேடிப் போகும் இயல்புடையது என்று விளக்கினார். மீட்க முடியாத அளவுக்குக் கார் சுழன்றுவிட்டால் மட்டும் கிளட்ச், பிரேக் இரண்டையும் முழுமையாக மிதித்துவிட வேண்டும். அதற்கு முன்னர் வேண்டாம் என்பதும் அன்றைய பாடம்.

மருமகன் நம்மைவிட விரைவாகக் கற்றான். மாலைக்குள் ஐந்து முறை தொடர்ந்து சறுக்கலைப் பிடித்துவிட்டான். அவனருகே நாம் ஏறி அமரும் முன்பு, பயிற்றுநர் நம்மைத் தனியே அழைத்து ஒன்று சொன்னார்: “அன்றைக்குக் கத்தியது போலவே இப்போதும் ஒரு முறை கத்துங்கள். அவரிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம்.”

கார் வட்டத்தில் நுழைந்தது. பின்பகுதி வலப்புறம் நழுவியது. அவன் திருத்தினான், அழகாகப் பிடித்துக்கொண்டிருந்தான். நாம் அலறினோம்: “பிரேக்!”

அவனுடைய கால் இடி விழுந்தது போல் இறங்கியது. கார் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. ஐந்து முறை தவறாமல் செய்தவன் ஆறாவது முறை ஒரு சொல்லால் தோற்றான். அவன் நம்மைத் திரும்பிப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. நமக்கு அவனுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இருபது ஆண்டுகளாக நாம் ஹிஃப்ழ் வகுப்பு நடத்துகிறோம். ஓதும் பிள்ளை ஓரிடத்தில் தடுமாறினால் உடனே அதட்டக் கூடாது என்பது நமக்குத் தெரியும். அதட்டினால், தெரிந்த அடுத்த பத்து வரிகளும் மறந்துபோகும். ஒரு மூச்சளவு காத்திருப்போம். பெரும்பாலும் பிள்ளை தானே திருத்திக்கொள்ளும். இல்லையெனில் ஒரே ஒரு சொல்லை மெல்ல எடுத்துக்கொடுப்போம். புதிதாக வரும் இளம் ஆசிரியர்களுக்கும் இதையே சொல்லித் தருகிறோம். வகுப்பறையில் இருபது ஆண்டுகள் கடைப்பிடித்த இந்த ஒழுங்கை, உயிர் ஊசலாடிய அந்த ஒரு விநாடியில் நாம் கடைப்பிடிக்கவில்லை. அதைவிடவும் நம்மை உறுத்தியது, உண்மையைச் சொன்ன பிள்ளையை ஒரு மாத காலம் பொய்யனாக நினைத்திருந்தது.

அன்றிரவே லாத்தாவின் வீட்டுக்குச் சென்றோம். அன்று நடந்ததில் அவன் தவறும் உண்டு, நம் தவறும் உண்டு, நம் தவறே பெரிது என்று அவன் முன்னிலையிலேயே சொன்னோம். அவனிடமும் மன்னிப்புக் கேட்டோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “விடுங்கள் மாமா” என்றான்.

அவன் பக்கத்துத் தவறுகளையும் மறைக்கவில்லை. அந்தக் காரின் பின்டயர்கள் தேய்ந்திருந்தன. டயரின் பள்ளங்கள்தாம் சாலையிலுள்ள நீரை வெளியேற்றுகின்றன; 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே பயன்படுத்தக் கூடாது. மழை நாட்டில் அதற்கு முன்னதாகவே மாற்றிவிடுவது அறிவுடைமை. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் அச்சிடப்பட்டிருக்கும். 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்யப்பட்டது என்று பொருள். இன்றே உங்கள் வீட்டு வாகனத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றொன்று, நிலைப்புக் கட்டுப்பாட்டுக் கருவி. 1995-இல் முதன்முதலாக விற்பனைக் கார்களில் வந்த இந்தக் கருவி, ஸ்டியரிங் கேட்கும் திசையையும் கார் உண்மையில் திரும்பும் அளவையும் ஒப்பிட்டு, சறுக்கல் தொடங்கும்போதே தேவையான ஒரு சக்கரத்துக்கு மட்டும் தானே பிரேக் போடுகிறது. எந்த மனிதனும் நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனியே பிரேக் போட முடியாது. 86 காரில் ஒரு பொத்தானை மூன்று விநாடிகள் அழுத்திப் பிடித்தால் அது அணைந்துவிடும். நண்பர்களின் பேச்சைக் கேட்டு, அன்று அவன் அதை அணைத்து வைத்திருந்தான். “திடலில் அணைத்துக் கற்றுக்கொள்ளுங்கள், சாலையில் அணைக்கவே அணைக்காதீர்கள்” என்பது பயிற்றுநரின் கண்டிப்பான சொல்.

இங்கே இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. வேகம் இரு மடங்கானால், பிரேக் போட்ட பின் கார் நிற்கத் தேவைப்படும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஈரத் திடலில் 35 கிலோமீட்டர் வேகத்தில் கற்ற திறமையை, உலு யாம் மலைப்பாதையில் நண்பர்களுக்குக் காட்டப் புறப்படுவது திறமையன்று. எதிரே வருபவர் நம் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவர் அல்லர். உயிர் அமானிதம், நம்முடையதும், அவருடையதும்.

கார் விற்கப்படவில்லை. டயர்கள் நான்கும் மாற்றப்பட்டன. பொத்தானை யாரும் தொடுவதில்லை. ஆண்டுக்கொரு முறை திடலுக்குச் செல்வது என்று லாத்தாவிடம் அவன் வாக்குக் கொடுத்திருக்கிறான். சறுக்கலைப் பிடிக்கும் திறமை, பழகாவிட்டால் மங்கிப் போகும்.

சென்ற மாதம் அதே இறக்கத்தில், அதே போன்ற ஒரு மாலை மழையில், அவனுடன் வந்தோம். வளைவு தொடங்கும் முன்னரே, கார் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்தான். முள் 40-ஐத் தொட்டது. பிரேக்கை விட்டு, வளைவின் தொலைவை நோக்கிப் பார்த்தபடி நிதானமாகத் திருப்பினான். அந்த இரும்புத் தடுப்பு நம் பக்கத்துக் கண்ணாடியில் மெல்ல நகர்ந்து போனது. நமக்கு நாவின் நுனி வரை ஏதோ வந்தது. உதட்டை அழுத்திக்கொண்டு, மனத்துக்குள் திக்ரு மட்டும் செய்தோம்.

ஒன்றும் நடக்கவில்லை. கீழே சமிக்ஞை விளக்கில் நின்றபோது அவன் சிரித்துக்கொண்டே கேட்டான்: “என்ன மாமா, இன்றைக்குப் பேச்சையே காணோம்?”

“நீ ஓட்டு” என்றோம்.